கடுகு அடங்கும் வரை

கார்ல்ட்டன்வில்லில் மழை இல்லாத அக்டோபர்.
ஏழாம் சுரங்கத்தின் தலைமாட்டில்,
தகரக் கூரை அறையில் என் இரவுப் பணி.
காலுக்குக் கீழே மூன்றேகால் கிலோமீட்டர்.
அங்கே பாறைக்கு ஐம்பத்திரண்டு பாகைக் காய்ச்சல்.
குழாய் வழியே பனிக்கட்டிக் கூழ் இறங்குகிறது,
நெற்றிக்குப் பற்றுப் போட.

பாறைக்குள் அறுபத்துநான்கு ஜியோபோன்கள்
சிமெண்டு வைத்துப் புதைத்திருக்கிறோம்.
இருபத்தேழாம் எண்ணுக்கு நீர் கோத்துவிட்டது,
எதைக் கேட்டாலும் ஜலதோஷத்தில் பேசும்.
அணைக்க மனசில்லை.
கிழக்குப் பிளவுப் பக்கம் எனக்கு வேறு காது இல்லை.

மாலை ஐந்தேகாலுக்கு வெடி வைத்தார்கள்.
அதன் பிறகு பாறை தன்பாட்டுக்குப் பேசும்.
தாளித்தவர்களுக்குத் தெரியும்:
எண்ணெயில் கடுகு முதலில் படபடவென்று,
பிறகு ஒன்றொன்றாய்,
பிறகு முடிந்தது என்று குனியும்போது
ஒன்று கண்ணைப் பார்த்து வரும்.

திரையில் அதுதான்.
முதல் மணி நேரத்தில் நூற்றுப்பதினாறு அதிர்வுகள்.
அடுத்ததில் நாற்பத்தொன்று. பதினான்கு.
ஒன்பதேகாலுக்கு மறுபடி பதினேழு.
இறங்கிக்கொண்டிருந்த கோடு
படியில் ஒரு காலை மடக்கி நின்றது.

போன் அடித்தது.
"மிஸ் சின்னப்பன், போகலாமா?"
மொலெஃபியின் குரலுக்குப் பின்னால் விசிறி.
அதற்கும் பின்னால் நாற்பத்துமூன்று பேர்
கம்பிக்கதவருகே குந்தியிருக்கும் சத்தம்.
லெசோத்தோக்காரர்கள், இன்யம்பானேக்காரர்கள்.
இந்த மாதம் இன்னும் பன்னிரண்டு மீட்டர் வெட்டினால்தான் போனஸ்.
"வேண்டாம்."
"எப்போது?"
"தெரியாது."
"பெரிதாக ஏதாவது வருமா?"
"தெரியாது."
"பிறகு உங்களுக்கு எதற்குச் சம்பளம்?"

நியாயம்தான்.
எந்த இடம், எவ்வளவு பெரிது, எத்தனை மணி என்று
சொல்லத் தெரிந்தவர் இந்தத் தொழிலில் யாருமில்லை.
சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் வேறு தொழில்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
எந்தத் தூண் தன் சுமையை
எந்தத் தூணின் தோளுக்கு மாற்றுகிறது,
ஒரு விரிசல் எந்தப் பக்கம் நீள்கிறது,
முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவே
எத்தனை மில்லி விநாடி.
அந்த நடுவில் ஒரு மனிதனால்
தலையைக்கூடத் திருப்ப முடியாது.
ஆகவே நான் விற்பது எச்சரிக்கை அல்ல,
காத்திருப்பு.
யாரும் விரும்பி வாங்காத சரக்கு.

பத்தேகாலுக்கு ஒன்பது.
டீ ஆறி ஆடை கட்டியது.

சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் போகலாம் என்றேன்.
எண்கள் அவ்வளவு சுத்தமாய் இருந்தன.
அன்றைய கடைசிக் கடுகு
ஜெர்மானோ மன்லாத்தே நின்ற இடத்தில் வெடித்தது.
விசாரணையில் என் கோடு சரி என்றார்கள்.
சரியான கோடு.
அச்செடுத்து மேசை அறைக்குள் வைத்திருக்கிறேன்,
திறப்பதில்லை.

பதினொன்றேகாலுக்கு நான்கு.
பன்னிரண்டேகாலுக்கு இரண்டே இரண்டு, இரண்டும் தொலைவில்.
இருபத்தேழாம் எண் மூக்கடைப்போடு ஆமாம் என்றது.
போனை எடுத்தேன்.
"போங்கள்."
"ஷிப்டில் இரண்டு மணிதான் மிச்சம். இனிப் போய் என்ன?"
ஆனாலும் எழுந்தார்கள்.
தட்டிவிடும் புழுதிகூடக் கேட்டது எனக்கு.

அவர்களை நிறுத்தி வைத்த அந்த மூன்று மணி நேரத்தில்
அவர்கள் இல்லாத அந்த முகப்பில்
ஒரு கல்கூட விழவில்லை.
விழாத கல்லை
யாரிடம் கொண்டுபோய்க் காட்ட?
அறிக்கையில் எழுதினேன்: நிகழ்வு ஏதுமில்லை.
உற்பத்திப் பிரிவு கீழே எழுதியது: இழப்பு, மூன்று மணி நேரம்.
ஒரே தாள், ஒரே பேனா நிறம்.

விடியுமுன் கூண்டு ஏறி வந்தது.
மொலெஃபி என் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.
திரும்ப வேண்டாம்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று
உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒருவன் நடுவில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டினான்,
வரிசை கலைந்தது,
எண்ணிக்கை தப்பியது.

குளியலறைக் கதவுவரை எழுந்து போய்
முதலிலிருந்து எண்ணினேன்.