பத்து எம்எம் சதுரக் கம்பி

சித்திரை பதினெட்டு. தகரக் கூரைக்கு அடியில்
இரும்பை நாம் தொடுமுன் இரும்பு நம்மைத் தொடுகிற நேரம்.
லே பக்கம் எங்கோ மலைமேல் இருக்கிற
ஹவில்தார் செல்வின்துரை போட்டோ அனுப்பியிருந்தான்:
பச்சைக் கையுறை, கம்பளிப் பிசிறு,
அதன்மேல் ஆறு கையோடு ஒரு வெள்ளைப் பொடி.
"அண்ணாச்சி, முக்கூடல் வீட்டு கேட்டுக்கு இதான் டிசைன்."

இருபத்திரண்டு வருசமாக நான் வளைத்தது
மயில், தாமரை, பாதிச் சூரியன்,
கழுத்தை ஒட்டிக்கொண்ட அன்னம் ரெண்டு.
எல்லாம் நாலாக, எட்டாக மடங்குகிற இனம்.
ஆறு எனக்குப் பழக்கமில்லை.

பனி என்றால் எங்களுக்கு மார்கழியில்
பைக் சீட்டில் கிடக்கிற ஈரம்.
துடைத்துவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது.
அதற்குக் கை உண்டு, கைக்கு விரல் உண்டு,
விரலுக்கும் கிளை உண்டு என்று யார் கண்டது?

மீன் வண்டி சேவியரைப் பெட்டி திறக்கச் சொன்னேன்.
அள்ளிப் பார்த்தேன். வெறும் குருணை.
"என்னவே தேடுதீரு, சாளையா?" என்றார்.
பேக்கரியில், ஐஸ்கிரீம் பெட்டிக் கண்ணாடி ஓரம்
இறகு இறகாக ஏறியிருந்தது ஒன்று.
மூக்கை ஒட்டிப் பார்த்தேன்.
மூச்சு பட்டதும் போயிற்று.
கடைப்பையன் துடைக்கத் துணியோடு வந்தான்.

ராத்திரி, சிமெண்டுத் தரை, சாக்பீஸ்.
ஒரு கோடு, அறுபது பாகை, இன்னொரு கோடு.
நான் ஒரு கையைப் பற்றவைத்தால்
இரும்பு அந்தப் பக்கம் இழுக்கும்;
உடனே எதிர்க்கையில் ஒரு பொட்டு வைக்கணும்.
கிளாம்பு வேணும், மூலைமட்டம் வேணும்,
பிடித்துக்கொள்ள இசக்கிப்பாண்டி வேணும்.
அங்கே, மேகத்துக்குள், யார் பிடித்தது?
ஒரு கைக்கு மறு கை தெரியாமல்
விழுந்துகொண்டே எப்படி வளர்ந்தது?

மூன்று தடவை அறுத்துப் போட்டேன்.
நாலாவதில் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தபோது
கடைசிப் பொறிகள் தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தன,
ஒவ்வொன்றும் தனியாக,
தொடுமுன் அணைந்து.
"கரண்டு போயிட்டா அண்ணாச்சி?" என்றான் இசக்கிப்பாண்டி.
போகவில்லை. நான்தான் நின்றுவிட்டேன்.

கேட் மாட்டிய அன்று ஆளுக்கொரு பெயர்.
முருகன் சக்கரம் என்றார் போஸ்ட்மேன்.
கிறிஸ்துமஸ் ஸ்டார் என்றாள் அவன் தங்கை ஏஞ்சல்.
லைன்மேன் மட்டும், "இது என்னவே, கூலர் ஃபேனா?"

வைகாசிக் கடைசியில் லீவுக்கு வந்தவன்
தோள்பையை இறக்காமல் எதிரே நின்றான்.
நடு மத்தியானம்.
மெல்ல ஒரு விரலை வைத்து
வெடுக்கென்று எடுத்தான்.
"யம்மா, சுடுதுல்லா!"
விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான்.
பிறகு சொன்னான்: "அதுல ஒரு கை குட்டை அண்ணாச்சி.
போட்டோ எடுக்கதுக்குள்ள கரைஞ்சிட்டு.
நீங்க சரி பண்ணிட்டீங்க."
அறுத்துவிடட்டுமா என்றேன்.
பதில் சொல்லாமல் உள்ளே போனான்.

நேற்று ஆலங்குளத்துப் பார்ட்டி மயில் கேட்டார்.
பழைய மயில்தான், கை தூக்கத்திலும் போடும்.
தோகைக்கு வந்ததும் சாக்பீஸ் என் பேச்சைக் கேட்கவில்லை.
கண் இருக்க வேண்டிய இடமெல்லாம்
ஆறாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து,
ஒரு இறகு மட்டும் குட்டையாக நின்றது.
அழிக்கத் துணியை எடுத்தேன்.
முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டு
துணியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.