சேதாரம்

கிரீனக்கில் மழை
வாடகை தராமல் குடியிருக்கிறது.
காலை ஏழரைக்கு
மாணவிகள் கழிவறையில்
நாப்கின் பெட்டியை நிரப்புவேன்.
பள்ளியின் எல்லாச் சாவியும் என் இடுப்பில்;
இந்தப் பெட்டிக்கு மட்டும் பூட்டில்லை.

முதல் வாரம் யாரும் தொடவில்லை.
மறுவாரம் ஒன்று குறைந்தது.
அன்று ஏனோ
விசிலடித்தபடி படிக்கட்டைத் துடைத்தேன்.

இப்போது திங்களன்று ஆறு,
செவ்வாய் ஒன்பது,
வெள்ளி மாலை
பெட்டியின் அடி தெரியும்.

"அதென்ன டூகல்,
வெள்ளிக்கிழமை பார்த்துத்தான் எல்லோருக்கும் வருமா?"
அலுவலகத்து மார்சலி
தாளில் சிவப்புச் சுழி போட்டாள்.

எனக்குத் தெரியும்.
மோர்வென். ஒல்லிப் பெண்.
வெள்ளியன்று மட்டும் அவள் பை
புடைத்திருக்கும்.
வீட்டில் இரண்டு தங்கைகள்,
மீன் ஆலையில் வேலை போன அம்மா.
பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை;
உடம்புக்கு ஏது?

நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
ஒருமுறை
வாளியோடு நான் கடக்கும்வரை
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
தரையைப் பார்த்தபடி.

மார்சலியின் தாளில்
கடைசிக் கட்டம்: சேதாரம்.
எழுதினேன்:
குழாய் கசிவு. நனைந்தவை பதினாறு.
அடுத்த வெள்ளியும் கசிந்தது.
அதற்கடுத்த வெள்ளி, இருபது.

குழாய்க்காரன் வந்தான்,
தட்டினான், முறுக்கினான்,
எலும்பு மாதிரி காய்ந்திருக்கிறது என்றான்.

மார்சலி என்னைப் பார்த்தாள்,
ஜன்னலைப் பார்த்தாள்.
"இந்த ஊர் மழை
எந்த வழியாகப் புகும் என்று
யார் கண்டது" என்று
கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை மூடாமலே கேட்டாள்:
"அடுத்த மாதம்
முப்பது நனையட்டுமா?"