பச்சைக் கோட்டு, நிலை: மிக நல்லது

"கடைசி விலை என்ன?"
காலை ஆறு பத்துக்கு ஒருவன் கேட்கிறான்.
வணக்கம் இல்லை, பெயர் இல்லை,
எந்தப் பொருளுக்கு என்றும் இல்லை.
நான் இன்னும் பல் விளக்கவில்லை.

முப்பத்தெட்டு யூரோ என்று போட்டிருக்கிறேன்.
பதினைந்து தருகிறேன், இன்றே வருகிறேன் என்பான்.
வரமாட்டான்.
இன்னொருத்தி, கம்பளி எந்த நாட்டு ஆட்டினது என்பாள்.
ஆட்டைக் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுதி
அழித்தேன்.

ஜெர்மன்காரருக்கு எழுதிவைத்த பதில்கள் உண்டு,
எடுத்து ஒட்டினால் போதும்.
எங்கட ஆக்களிடம்தான் அது வாய்க்காது.
டோர்ட்முண்டிலிருந்து ஒரு தவமலர் அக்கா:
"நீங்கள் எவடம், பிள்ளை?"
சொன்னேன்.
"அப்ப எங்களுக்குள்ள ஒரு விலை இருக்குமே?"
ஐந்து யூரோ குறைந்தது.
ஊர் சொன்ன வாய்க்குத் தண்டம்.

இந்தக் கோட்டின் கதை வேறு.
டோர்ட்டே க்ளூசெனர் அம்மையார் பேரம் பேசவேயில்லை.
ஒரு நிமிடத்தில் காசு வந்தது.
பதின்மூன்றாம் நாள் கோட்டும் வந்தது,
நான் அனுப்பிய அதே பெட்டியை உள்வெளியாக மடித்து ஒட்டி.
கூடவே ஒரு வரி:
"சமையல் வாசனை அடிக்கிறது. பணத்தைத் திருப்பவும்."
கீழே ஒற்றை நட்சத்திரம்.

சமையல்.
அனுப்பும் முன் மூன்று நாள்
நவம்பர் குளிரில், பல்கனிக் கம்பியில்,
விறைத்துப்போன ஆளைப்போலத் தொங்கியது அது.
அந்த மூன்று நாளும் நான் கடுகுகூட வெடிக்கவிடவில்லை.
இவர் பாணும் ஜாமும் தின்றார்.

மூக்கை வைத்தேன்.
லாவெண்டர். கொஞ்சம் மழை.
உள்பையில்
இருமல் மிட்டாயின் உறை ஒன்று,
பாதி கிழிந்த நுழைவுச்சீட்டு ஒன்று:
ஓபரா மாளிகை, பார்மன். சனி இரவு ஏழரை.
மேல்மாடம், மூன்றாம் வரிசை, பதினேழு.

அகப்பட்டாய்!
சீட்டை மேசையில் வைத்து மூன்று கோணத்தில் படம் எடுத்தேன்.
கோபம் வந்தால் என் ஜெர்மன் நன்றாக வரும்.
ஒன்பது வரி, ஒரு வேற்றுமை உருபும் பிழையில்லை:
"மதிப்பிற்குரிய அம்மையீர்,
சனிக்கிழமை மேடையில் யாராவது வெங்காயம் வதக்கினார்களா?"

அனுப்பும் பொத்தானில் விரல்.
ஒரு சீட்டுத்தான்.
மற்றது வேறு யாருடைய பையிலாவது இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.

பதினொரு வருடமாகத் தொங்கும் ரயிலில்
வேலைக்குப் போகிறேன், காலடியில் வுப்பர் ஆறு.
அட்லர்புரூக்கேயில் கதவு திறக்கையில்
அந்தக் கட்டடம் தெரியும்.
உள்ளே சுவர் என்ன நிறம் என்று தெரியாது.
இரண்டு பொத்தான் நான் தைத்துக்கொடுத்த கோட்டு
போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது,
இருட்டில், மூன்று மணி நேரம்,
ஒருத்தியின் மடியில் கிடந்து.

நல்லவள் என்பதால் இல்லை,
முறைப்பாடு வைத்தால் மூன்று வாரம் இழுக்கும் என்பதால்
பணத்தைத் திருப்பினேன்.
தபால் செலவு ஐந்து நாற்பத்தொன்பது, என் தலையில்.
சீட்டைத் திருப்பவில்லை.
அது குசினி அலமாரியில்
மிளகாய்த்தூள் போத்தலில் சாய்ந்து நிற்கிறது.
வாசனை பிடிக்கட்டும்.

பிறகு மறுபடி பதிந்தேன்:
பச்சை. கம்பளி. அளவு நாற்பது.
நிலை: மிக நல்லது.
ஒருமுறை ஓபராவுக்குப் போயிருக்கிறது.
விலை நாற்பத்தைந்து.

நாலு நிமிடம் ஆகவில்லை.
"என்ன ஓபரா?"
வணக்கம் இல்லை, பெயர் இல்லை.
பார்த்துச் சொல்வோம் என்று எழுந்து போனேன்.
கிழித்துக்கொண்ட பாதியில் இருந்திருக்கிறது
பெயர்.