இருந்தால் பேசு

நாலு எம்பி நிரல்.
கொழுந்து எடை குறிக்கும், ஆள்வாரியாகக் கூட்டும்,
சனிக்கிழமை சீட்டு தரும். அவ்வளவுதான்.
போர்ச்சுகலில் யாரோ திராட்சைக்கு எழுதியது.
தேயிலைக்குப் பெயர் மாற்றிப் பொதி கட்டினேன்,
கோத்தகிரி டானிங்டன் முக்கில்
பேக்கரிக்கு மேல் மாடியில்.

கட்டும்போது அது கேள்வி கேட்கும்,
என்னை அல்ல, என் கணினியை:
ப்ளூடூத் இருக்கா? இருக்கு.
வரைபடம்? இருக்கு.
குரல்? அதுவும் இருக்கு.
மேட்டுப்பாளையத்தில் ஒருவர் ஏற,
குஞ்சப்பனை வளைவுக்குள்
பஸ் முழுக்க அவர் சொந்தக்காரர்கள்.
நிறுவிப் பார்த்தேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு எம்பி.

கொட்டகைகளில் இருப்பதோ
வங்கி கழித்துப்போட்ட கணினிகள்.
மூடுபனி இறங்கினால் சிக்னல்
டவரிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு ஞாயிறு, கணினிக்குள்
எதுவுமே நிறுவாத வெற்றறை திறந்து
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
ப்ளூடூத் இன்றி. வரைபடம் இன்றி. குரல் இன்றி.
தேடாதே,
கண்ணில் பட்டாலும் எடுக்காதே.
ஆறு எம்பி!
கட்டன் டீ போட்டுக் கொண்டாடினேன்.

புதன்கிழமை சோலூர்மட்டத்திலிருந்து இன்னாசி.
"மேடம், தராசு ஊமையாயிடுச்சு."

புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.
மூட்டை ஏறியதும் 'பதினெட்டரை' என்று
தகரடப்பாக் குரலில் அது சொல்லுமாம்,
வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லாருக்கும் கேட்குமாம்.
"இப்ப நான் படிச்சுச் சொல்றேன்.
தெய்வானையக்கா ஸ்க்ரீனைத் திருப்பச் சொல்றாங்க.
பத்து வருசமா என்னைத் தெரியும், மேடம்."

யாரும் கேட்டு வைத்த குரல் இல்லை அது.
ரயில்வே தேர்வுக்குப் பாடம் கேட்க
என் கணினியில் நான் போட்ட லைப்ரரி.
பொதி கட்டிய இரவில் பக்கத்தில் இருந்ததால்
ஒட்டிக்கொண்டு போய்விட்டது.
தேர்வில் தேறவில்லை. அது வேறு கதை.

மூலத்தைத் திறந்தேன். குரல் இல்லையென்றால்
நிரலே எழாதபடி இறுக்கியிருந்தார்கள்.
பதினோரு வரியில் தளர்த்தினேன்:
இருந்தால் பேசு,
இல்லையென்றால் விழாதே.
போர்ச்சுகலுக்கும் அனுப்பியிருக்கிறேன்.
பதில் இல்லை. அறுவடையோ என்னவோ.

பொதியின் முகப்பில் எழுத மூன்று சொல் உண்டு:
தேவை, பரிந்துரை, யோசனை.
தேவை என்றால் எல்லார் தலையிலும் ஏறும்.
பரிந்துரை, மறுக்கத் தெரியாதவர் தலையில்.
குரலைத் தனிப்பொதியாக்கிப்
பரிந்துரையில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கூக்கல்தொரை:
"இது ஏங்க பேசுது?
பக்கத்துல பால்வாடி, பிள்ளைங்க தூங்குது."

யோசனைக்கு இறக்கினேன்.

மாற்றக் குறிப்பில் போன தடவை எழுதியிருந்தேன்,
'தேவையற்ற சார்புகள் நீக்கம்' என்று.
பழைய குறிப்பைத் திருத்தும் வழக்கமில்லை.
அது அப்படியே கிடக்கிறது.
அதன்மேல் புது வரி:
'குரல், தனியாக. வேண்டுவோர் நிறுவிக்கொள்ளவும்.'

நிறுவும் கட்டளையை இன்னாசிக்கு
எழுத்து எழுத்தாகப் போனில் சொன்னேன்.
இடையில் கோடு, மேடம், சின்னதா பெரிசா?
சின்னது.
அரைமணி கழித்து அவரே கூப்பிட்டார்,
போனைத் தராசருகே பிடித்தார்.
'இருபத்திரண்டு கிலோ நானூறு'
என்றது டப்பாக்குரல்.

அதன் பின்னாலேயே ஒரு பெண்குரல்:
"சரி, ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சே?
அதையும் சொல்லச் சொல்லு."