ரூபாய் அகல இருட்டு

வாடகைச் சீட்டில் 'காரணம்' என்ற இடத்தில்
நீளம் என்று எழுதினேன்.
வீட்டுக்காரர் அடைக்கப்பன் ஈப்போவிலிருந்து
இரண்டு முறை போன் செய்து கேட்டார்.
படப்பிடிப்பா? கல்யாணமா?
நீளம்தான், ஐயா.
கண்டனூரில் உங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி,
கதவெல்லாம் ஒரே கோட்டில்;
நூற்று அறுபது அடிக் காற்று.
எனக்கு அது போதும்.

பின்வாசல் கதவின் உள்பக்கம்
ஊசிமுனைச் சிவப்பில் ஒரு லேசர்: விண்மீன்.
முகப்பில் கேமரா: நாம்.
நடுவே வளவில், மறைக்கிற பொருள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை,
அதுவும் பக்கத்துப் பருக்கை ஒன்று
கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
சூரியன் போன்ற ஒன்றின் ஓரத்தில்
பூமி போன்ற ஒன்று நின்றால்
அதன் வெளிச்சம் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.
வெயிலில் வரும் ஆளை அடையாளம் காண
நெற்றிமேல் கையை வைக்கிறோமே,
அதைத்தான் செய்யப் பார்க்கிறோம்.
கைதான் சரியாக அமையவில்லை.

முதலில் சுவர் காட்டிக்கொடுத்தது.
முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் தேய்த்த பளபளப்பு,
என் லேசரை எனக்கே
ஏழெட்டு இடத்திலிருந்து திருப்பித் தந்தது.
புதுவயல் போய் முந்நூறு மீட்டர்
கறுப்புத் துணி வாங்கி வந்தோம்.
கட்டி முடித்த மாலை
பின் தெரு டீக்கடை வெள்ளைக்கண்ணு எட்டிப் பார்த்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:
"எப்ப எடுக்கிறாக?"

முதல் இரவு ஒரு ரூபாய் நாணயத்தை
மெல்லிய கம்பியில் தொங்கவிட்டேன்.
வட்ட நிழல்.
நிழலின் நட்டநடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு.
நாணயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று
நஸ்ரின் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இல்லை.
விளிம்பைச் சுற்றி வளைகிற ஒளி
எல்லாப் பக்கமிருந்தும் ஒரே தூரம் நடந்து
மையத்தில் கூடிவிடுகிறது,
படைப்புக்கு வரும் பங்காளிகள் மாதிரி,
ஒருவர் பாக்கியில்லாமல்.
வட்டத்துக்கு மறைக்கத் தெரியாது.

அதனால் பூ.
அதே ரூபாய் அகலம், பதினாறு இதழ்,
நுனி தலைமுடியைவிட மெல்லிசு.
காரைக்குடியில் எஃகுத் தகட்டை
அமிலத்தில் அரித்து வெட்டிக் கொடுத்தார்கள்.
மூன்று வீண். நான்காவதில் ஒரு நுனி வளைந்திருந்தது.
ஐந்தாவது தொங்கியது.
இதழோரத்தில் வந்த ஒளிக்கெல்லாம் நேரம் பிசகி
ஒன்றையொன்று அழித்துக்கொண்டது.
மையம் இருண்டது.
திரையைப் பார்த்து நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
ஒன்றுமில்லாததைப் பார்க்க
எட்டு மாதம் ஆகியிருந்தது.

பகலில் முற்றத்துக் கல் குடித்த வெயில்
ராத்திரி முழுக்க ஆவியாய் நெளியும்.
மூன்றரை மணிக்குத்தான் காற்று அடங்கும்.
நஸ்ரின் விண்மீன் பக்கத்தில் எங்கேனும்
மங்கலாய் ஒரு விளக்கு வைக்க வேண்டும்,
என்னிடம் சொல்லாமல்.
நான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடித்தேன்.
கீழே, வலது ஓரத்தில், இரண்டு விரல்கடை தள்ளி,
மஞ்சளாய், அசையாமல்.
பூவைச் சுழற்றினேன். அது சுழலவில்லை.
கேமராவைத் திருப்பினேன். கூடவே திரும்பியது.
அப்படியென்றால் கண்ணாடிக் கோளாறில்லை,
தூசியில்லை, அங்கே உண்மையில் ஏதோ இருக்கிறது.
போனில் கத்தினேன், கிடைச்சிருச்சு!
"அக்கா," என்றாள் நஸ்ரின்,
"நான் இன்னும் வைக்கவே இல்ல."

விளக்கில்லாமல், துணியைத் தடவிக்கொண்டு
ஐந்து நிலை தாண்டி நடந்தேன்.
பின்கதவில், சாவித் துவாரத்தை அடைத்த துணி
அரை விரல் விலகியிருந்தது.
குனிந்து கண்ணை வைத்தேன்.

அந்தப் பக்கம் ஒரு குண்டு பல்பு.
கீழே பாய்லர், ஆவி, கழுவிக் கவிழ்த்த கிளாஸ்கள்.
யாரோ குறுக்கே நடந்தார்கள்;
வெளிச்சம் ஒரு கணம் குறைந்து திரும்ப வந்தது.
அதையும் நேரம் பார்த்துக்கொண்டேன்,
பழக்கதோஷம்.

பதிவேட்டில்:
நாலு மணி ஏழு நிமிடம். பின்னணி ஒளி. கோள் அல்ல.
துணியைத் திணிக்காமல்
தாழ்ப்பாளைத் திறந்தேன்.
வெள்ளைக்கண்ணு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு
என்னையும், என் பின்னாலிருந்த
நூற்று அறுபது அடி இருட்டையும் பார்த்தார்.
"ரெண்டு டீ," என்றேன்.
"ஒண்ணுல சீனி கம்மி."