வலது இறக்கை

கனோலா பூத்திருந்த ஜூலை.
சஸ்காட்செவானில் அந்த ஒரு மாதம்
நிலம் வெளிச்சம் தரும், வானம் வாங்கிக்கொள்ளும்.
முந்தைய இரவு மழை.
வாசிலின் புல் ஓடுபாதையில்
சக்கரத் தடங்களில் தண்ணீர் நின்றது.

சின்ன விமானம், நான்கு இருக்கை,
அவனைவிட இரண்டு வயது மூத்தது.
ஏறும் முன் சுற்றி வருவான்,
குதிரை வாங்க வந்தவன் மாதிரி
தட்டி, தடவி, குனிந்து.
இடது இறக்கைக்கு அடியில் குப்பியைப் பிடித்து
கொஞ்சம் பெட்ரோல் வடித்தான்.
சூரியனுக்கு எதிரே தூக்கிப் பார்த்தான்.
வெளிர் நீலம்.
தண்ணீர் இருந்தால் அடியில் தங்கும்,
மணி மணியாக, ஒட்டாமல்.
எனக்கு இதைச் சொன்னவனே அவன்தான்.

வலது இறக்கைக்கு நடந்தான்.
வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கூப்பிட்டேன்:
"உன் வெல்டிங் மெஷினை
எப்போ கொண்டுவந்து போடட்டும்?"
குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான்.
டீசல் விலை பேசினோம்.
ஒரிசியாவின் கண் ஆபரேஷன் பேசினோம்.
அவளைக் கூட்டிவரத்தான் சாஸ்கடூன் கிளம்பினான்.
"வச்சுக்கோ, வந்து பேசலாம்" என்றவன்
நேரே கதவைத் திறந்து ஏறினான்.

சைலோ உயரம் போயிருக்கும்.
ஓர் இருமல்.
இன்னொன்று.
பிறகு என் சட்டை காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம்
எனக்கே கேட்டது.
அவன் திரும்பவில்லை. மூக்கைத் தாழ்த்தி
நேராக மஞ்சளுக்குள் இறக்கினான்.
சக்கரம் சிக்கியது. புரண்டது.
மகரந்தம் எழும்பி, யோசித்து, இறங்கியது.

ஓடினேன்.
இடுப்பளவு பூ, ஓட விடாத பூ.
பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினான்,
இமையெல்லாம் மஞ்சள், மூச்சு இருந்தது.
அவன் பையிலிருந்து நழுவிய குப்பி
கீறல்கூட இல்லாமல் கூரையில் கிடந்தது.
எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.
ஏன் என்று தெரியாது.

விசாரணைக்கு வின்னிபெக்கிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
"கிளம்பும் முன் சோதித்ததைப் பார்த்தீர்களா?"
பார்த்தேன் என்றேன்.
பொய்யில்லை.
மூடியின் ரப்பர் வெடித்திருந்தது,
வலது தொட்டியில் மழைநீர் என்று
மூன்று பக்கத்தில் எழுதி அனுப்பினாள்.

வாசில் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான்.
அந்தக் காலையும்
அதற்கு முந்தைய சில வாரங்களும்
அவனிடம் இல்லை.
"ரெண்டு பக்கமும் வடிச்சேனா?"
காபி ஆறிக்கொண்டிருந்தது.
"வடிச்சே" என்றேன்.
ஒரிசியா புதுக் கண்ணால் என்னைப் பார்த்தாள்,
கொஞ்சம் அதிக நேரம்.

இந்த வருடம் கோதுமை.
அறுக்காமல் விட்ட அந்த இடத்தில் மட்டும்
சிந்திய விதை முளைத்து மஞ்சள்.
இரண்டு முறை மருந்தடித்தேன்.

போன வாரம் வேலியருகே வந்து கேட்டான்:
"உன்கிட்ட வெல்டிங் மெஷின் இருக்கா?
ரெண்டு நாள் கொடேன்."
பதில் சொல்லும் முன்
அவன் கையைப் பார்த்தேன்.
கம்பு. இன்னொரு கை
காலியாகத்தான் இருந்தது.