ஒழுக்கு

மல்லாவியிலிருந்து வந்த குழாயில்
சீரம் இளஞ்சிவப்பு.
வைக்கோல் நிறமாக இருந்திருக்க வேண்டும்.
மாங்குளம் சந்திவரை குண்டும் குழியும்,
ஐஸ் பெட்டிக்குள் செங்குழியங்கள்
ஒன்றோடொன்று மோதி உடைந்திருக்கின்றன.
மெஷின் எழுதியது: எல்.டி.எச். 874.
நான் கையெழுத்து வைக்கவில்லை.
'குருதி உடைந்துள்ளது. மீள எடுக்கவும்.'

மறுநாள் கிளிநொச்சிக்கு அவரே வந்தார்.
அருட்செல்வம், ஐம்பத்தொன்பது,
லாண்ட்மாஸ்டர் திருத்துகிறவர்.
வெண்குழியம் மெல்ல மெல்லப் பெருகுகிற புற்று,
நாலு வருசமாக.
மருந்து இன்னும் இல்லை,
'பார்த்துக்கொண்டிருப்போம்' என்றிருக்கிறார்கள்
தெல்லிப்பழையில்.

"ஏன் பிள்ளை, நேற்று எடுத்தது பழுதோ?"
"ரோட்டு உடைச்சுப்போட்டுது ஐயா.
இது கலத்துக்குள்ள கிடக்கவேண்டிய நொதியம்.
கலம் உடைஞ்சா வெளியில ஒழுகும்.
எவ்வளவு ஒழுகுதெண்டுதான் பாக்கிறம்."

"ஓ. ஒயில் சொட்டு."
மற்றக் கையால் காற்றில் ஒரு வட்டம் கீறினார்.
"ராவில மெஷினுக்குக் கீழ மட்டை விரிச்சு விடுவன்.
விடிய அந்தக் கறையைப் பாத்தால் தெரியும்
இன்னும் எத்தனை போகம் உழுமெண்டு."

"சொந்தக்காரனிட்டச் சொல்லுவீங்களோ?"

"லீசிங் கட்டி முடிச்சவனிட்டச் சொல்லுவன்.
மற்றவனிட்ட,
ஓட்டு தம்பி எண்டுவன்."

பட்டியைத் தளர்த்தினேன்.
அவசரமில்லாமல் இழுத்தேன், நுரை வராமல்.
அவருடைய நகங்களுக்குள் கறுப்பு;
ஸ்பிரிட் பஞ்சு அங்கே போகாது.

இந்தமுறை சீரம் தெளிவு.
நல்ல வைக்கோல் நிறம்.
கோப்பில் மாசியில் 218,
ஆனியில் 274.
இன்றைக்கு 391.

இரண்டாவது தரமும் ஓட்டினேன்.
388.

விளக்கம் சொல்வது என் வேலையில்லை.
தாளை நீட்டினேன்.
எழுத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்,
மட்டையைப் பார்க்கிற மாதிரி.
"டொக்டர் சொல்லுவார்," என்றேன்.
"ஓமோம்."
நாலாய் மடித்து சட்டைப் பைக்குள் வைத்தார்,
அங்கே ஏற்கெனவே யாருடையதோ ஒரு நொசில்.
வாசலில் திரும்பி,
"எனக்கு இன்னும் பதினாலு தவணை கிடக்கு பிள்ளை,"
என்றார், சிரித்து.

மாங்குளம் பஸ் ஹோர்ன் அடித்தது.

நேற்றைய குழாயை எறிய எடுத்தேன்.
அடியில் இன்னும் அந்த இளஞ்சிவப்பு.
அந்தப் பிழையான எண்ணின்மேல்
எனக்கு ஒருகணம் ஆசை வந்தது.
அதற்கொரு ரோட்டாவது
காரணமாக இருந்தது.